வரிசையில் விடுபட்டவர்

நம் மென்பொருள் கந்தோரின் பின்பக்க யன்னலைத் திறந்தால் உள்துறைமுகம் தெரியும். அங்கே கப்பல்கள் நகர்வதை யாரும் காண்பதில்லை என்பதைப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்களும் இதற்குள் கவனித்திருப்பீர்கள். கணினித் திரையில் கொஞ்ச நேரம் மூழ்கிவிட்டு நிமிர்ந்தால், சற்றுமுன் நடுவில் நின்ற கப்பல் சீனக்குடாப் பக்கம் ஒதுங்கி நிற்கும். தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இராது. ஓய்வு பெற்று அன்புவழிபுரத்து வீட்டில் இருக்கும் இப்போதும், வேலைக்காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தத் தண்ணீர்தான்.

உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கந்தோரில் கேட்டார்கள். நாம் செய்த பெரிய திட்டங்களைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது மிகச் சின்ன விஷயம். ஒரு தொகுப்பில் இருப்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்க்கும் நிரல் வரிகள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றி. வந்த முதல் வாரத்திலேயே அப்படிச் சிலவற்றை எழுதியிருப்பீர்கள். எழுதிவிட்டு மறந்தும் இருப்பீர்கள்.

அந்த வேலையைச் செய்வதை எனுமரேட்டர் என்கிறோம். எனக்கு அதன்மேல் எப்போதும் ஒரு பிரியம். தொகுப்பில் மொத்தம் எத்தனை இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. எப்படி அடுக்கி வைத்திருக்கிறீர்கள் என்றும் அது கேட்காது. அடுத்தது இருக்கிறதா, இருந்தால் தா. அவ்வளவுதான் அதன் பேச்சு. ஒரேயொரு பிடிவாதம் மட்டும் உண்டு. அது நடந்துகொண்டிருக்கும்போது வரிசையிலிருந்து ஒன்றை எடுத்தாலோ, புதிதாக ஒன்றைச் சேர்த்தாலோ அந்த இடத்திலேயே நின்றுவிடும். தொகுப்பு மாறிவிட்டது, இனி என்னால் போக முடியாது என்று பிழைச் செய்தி காட்டும். அந்தச் செய்தியைக் கண்டால் நம்மில் பலருக்கு எரிச்சல் வரும்.

ரிஸ்வானுக்கும் வந்தது.

ரிஸ்வான் கிண்ணியாக்காரர். எங்கள் குழுவில் என்னோடு நெடுங்காலம் இருந்தவர். மெதுவாகப் பேசுவார், வேகமாக எழுதுவார். ஒருவரைக் காக்கவைப்பது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தேநீர் பிந்தினால் தானே எழுந்து குசினிக்குப் போய்விடுவார். அந்த நாளில் நடந்தவற்றுக்கெல்லாம் இந்தக் குணமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு தொண்டு அமைப்பு நகரத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்தியது. கோட்டைப் பக்கம் கடலைப் பார்த்த மண்டபம். வருகிறவர்களைப் பதிந்து, ஒழுங்காகக் கூப்பிடுவதற்கு ஒரு கணினி நிரல் எழுதித் தரும்படி எங்களைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தோம். வேலை எளிமையானது. வருகிறவருக்கு முதலில் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள். கண்மணி விரியும்வரை அவர் வாங்கில் அமர்ந்து காத்திருப்பார். பிறகு நிரல் வரிசைப்படி ஒவ்வொரு பெயராக எடுத்துத் திரையில் காட்டும், ஒலிபெருக்கியிலும் சொல்லும். கூப்பிட்டும் ஒருவர் வராவிட்டால், அவரை அந்த இடத்திலிருந்து எடுத்து வரிசையின் கடைசியில் போட வேண்டும். கந்தோரில் சோதித்துப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. சோதனைக்கு நாங்கள் வைத்திருந்தவர்கள் கற்பனை மனிதர்கள். அவர்களைக் கூப்பிட்டால் வந்துவிடுவார்கள், அவர்களில் யாருக்கும் தேநீர் விடாய்ப்பதில்லை.

முகாம் நாளன்று நானும் ரிஸ்வானும் மண்டபத்திலேயே இருந்தோம். அந்தக் காலைப் பொழுதை நான் மறக்கமாட்டேன். சொட்டு மருந்து விட்ட கண்ணுக்கு வெளிச்சம் கூடிப்போகும், பார்ப்பவை எல்லாம் கலங்கித் தெரியும். வாங்குகளில் இருந்த அத்தனை பேரும் இமைகளைப் பாதி மூடிக்கொண்டு, கனவில் இருப்பவர்களைப் போல லேசாகச் சிரித்தபடி இருந்தார்கள். கடல் வெளிச்சம் யன்னல்களால் வந்து சுவரில் ஆடியது. வெளியே வாகை மரத்தின் கீழ் கோட்டையில் திரியும் மான்கள் வந்து படுத்திருந்தன. ஒரு பெரியவர் அவற்றைப் பார்த்து, "ஆரோ உடுப்புக் காயப் போட்டிருக்கினம்" என்றார். பக்கத்தில் இருந்தவர் "இல்லை, அது மண்குவியல்" என்றார். மான் ஒன்று எழுந்து நடந்ததும் இருவரும் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள்.

அப்போதுதான் நிரல் நின்றது. கூப்பிட்ட ஒருவர் வெளியே போயிருந்தார். நிரல் அவரை எடுத்துக் கடைசியில் போட்டது. உடனே எனுமரேட்டர், தொகுப்பு மாறிவிட்டது என்று சொல்லி அப்படியே நின்றுவிட்டது. திரை வெறுமையாகப் போனது. சனங்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். முகாமின் பொறுப்பாளர் எங்கள் மேசைக்கு வந்து, "எவ்வளவு நேரம் செல்லும்?" என்று கேட்டார்.

"இப்ப சரியாயிரும்" என்றார் ரிஸ்வான்.

சொன்னபடியே சரியாக்கினார். எனுமரேட்டரை எடுத்துவிட்டு, முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று இட எண்ணை வைத்து நடக்கும்படி மாற்றினார். பிழைச் செய்தி போய்விட்டது. பெயர்கள் மறுபடி வரத் தொடங்கின. பொறுப்பாளர் அவருடைய தோளில் தட்டிவிட்டுப் போனார். பகல் முழுவதும் ஒரு தடங்கலும் இல்லை. பின்னேரம் திரையில், எல்லோரையும் பார்த்து முடிந்தது என்று வந்தது. மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த கண் வைத்தியர் தன் கருவிகளைப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார். அவரைக் கூட்டிப்போக வாகனம் வாசலில் நின்றது.

நான் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்போது யன்னலோர வாங்கில் ஒரு பெண் இன்னும் இருப்பதைக் கண்டேன். பெயர் சுகந்தி. நிலாவெளியிலிருந்து வந்தவர், தையல் வேலை செய்பவர் என்று பிறகு அறிந்தேன்.

"ஏன் தங்கச்சி, முடிஞ்சுது எல்லோ? போகேல்லையே?" என்றேன்.

"என்னை இன்னும் கூப்பிடேல்லை அக்கா. எனக்கு முன்னால இருந்தவரைக் கூப்பிட்டவை. அவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். பிறகு எனக்குப் பின்னால இருந்தவவைக் கூப்பிட்டிட்டினம். ஏதும் முறை இருக்குமாக்கும் எண்டு பேசாமல் இருக்கிறன்."

பின்னால் கதிரை தள்ளப்படும் சத்தம் கேட்டது. ரிஸ்வான் எழுந்து நின்றார்.

அவருக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. உங்களுக்கும் விளங்கியிருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். ஐந்தாம் இடத்தில் இருப்பவர் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை எடுத்துக் கடைசியில் போட்டதும் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் ஓரிடம் முன்னே நகர்வார்கள். ஆறாவதாக இருந்தவர் ஐந்தாம் இடத்துக்கு வந்துவிடுவார். நிரலோ ஐந்தை முடித்துவிட்டேன் என்று ஆறுக்குப் போகும். அங்கே நிற்பவர் ஏழாவதாக இருந்தவர். இடையில் ஒருவர் விடுபட்டுப் போவார். பிழைச் செய்தி வராது, திரை வெறுமையாகாது, எல்லாம் அழகாக ஓடும். யாரெல்லாம் தேநீர் குடிக்க வெளியே போனார்களோ, அவர்களுக்கு அடுத்திருந்தவர் எவரையும் அன்று கூப்பிடவில்லை.

ரிஸ்வான் நேரே வைத்தியரிடம் போனார். "டொக்டர், கொஞ்சப் பேருக்குச் சொட்டு விட்டிருக்கு, ஆனா உங்களிட்ட அனுப்பல்ல. என்ட பிழை. நீங்க போகப்படாது."

வைத்தியர் பெட்டியை மூடப் போன கையை எடுத்தார். அவர் கோபப்படவில்லை. "ஆக்கள் இருக்கினமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு எங்கள் இருவருக்கும் விளங்கும்படி சொன்னார். "சொட்டு விட முதல் எல்லாரையும் டோர்ச் அடிச்சுப் பாத்ததுதான். முக்கால்வாசிப் பேருக்கு ஒண்டும் வராது. ஆனா அதில பிடிபடாத கண்ணும் இருக்கும். சிலருக்குக் கண்மணி விரிஞ்சால் கண்ணுக்குள்ள அழுத்தம் திடீரெண்டு ஏறும். அதை அப்பிடியே விட்டால் பார்வை போயிடும். கெதியாக் கண்டுபிடியுங்கோ."

ரிஸ்வான் மேசைக்குத் திரும்பி, தொகுப்பை முதலிலிருந்து மறுபடி நடந்து பார்த்தார். இந்த முறை நிரலிடம் அவர் கேட்டது, பார்க்கப்படாதவர் யார் என்று. சில பெயர்கள் வந்தன. அவர் ஒலிவாங்கியை எடுத்தார். பொறுப்பாளர் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"மைக்கில சொல்லாதேங்கோ தம்பி. முகாமுக்குத்தான் பேர் கெடும். ஆளை அனுப்பிச் சத்தமில்லாமல் தேடுவம்."

"அவங்களுக்கு இப்ப கண் தெரியாது சேர். காது மட்டும்தான் இருக்கு" என்றார் ரிஸ்வான்.

பிறகு ஒலிவாங்கியில் பேசினார். கூப்பிடாமல் விட்டது எங்கள் நிரலின் பிழை என்றும், பெயர் சொல்லப்படுகிறவர்கள் வீட்டுக்குப் போக வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மரத்தடியிலிருந்தும், வாசலிலிருந்தும், கடற்கரைப் பக்கமிருந்தும் ஆட்கள் கையை நெற்றியில் குடைபிடித்தபடி வந்தார்கள். மான்கள் எழுந்து அவர்களுக்கு வழிவிட்டன. வைத்தியர் அவர்களைப் பார்க்கத் தொடங்கினார்.

ஒரு பெயருக்கு மட்டும் ஆள் வரவில்லை. ஹனீபா, தோப்பூர், வேளாண்மை செய்பவர். பதிவில் இருந்தது அவருடைய மகளின் தொலைபேசி இலக்கம். எடுத்தோம். "வாப்பா இன்னும் வரல்லையே. என்ன, என்னமும் பிரச்சினையா?" என்றார் மகள். அவர் வந்து சேர்ந்தால் உடனே அழைக்கும்படி சொல்லிவிட்டு, ரிஸ்வானின் காரில் இருவரும் புறப்பட்டோம். வைத்தியர் வாசல்வரை வந்தார். "கண்டவுடன மூண்டு விஷயம் கேளுங்கோ. தலையிடி இருக்கா, வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்ததா, வெளிச்சத்தைச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரியுதா. ஓம் எண்டால் பெரியாஸ்பத்திரிக்கு நேரே கொண்டு வாங்கோ. நான் அங்க நிப்பன்." வாசலில் நின்ற வாகனத்தை அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

தோப்பூர் பஸ் போகும் வழியில் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நிறுத்திப் பார்த்தபடி, சீனக்குடா கழிந்து கிண்ணியாப் பாலத்தில் ஏறினோம். வலப்பக்கம் தம்பலகாமக் குடா மஞ்சளாகக் கிடந்தது. வள்ளங்கள் அதில் தொங்குவதைப் போலிருந்தன. அவ்வளவு அவசரத்திலும் அந்தப் பாலத்தின் மேல் போகும்போது நாங்கள் நகரவே இல்லை, தண்ணீர்தான் எங்களுக்குக் கீழே மெல்லப் பின்னால் போகிறது என்று எனக்குத் தோன்றியது.

பாலம் முடிந்ததும் ரிஸ்வான் முதல் பஸ் தரிப்பிடத்திலும் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். திரும்பி வந்து ஏறினார். அடுத்ததிலும் நிறுத்தினார். அதில் ஓர் ஆடு மட்டும் படுத்திருந்தது. அதற்கடுத்ததில் டியூசனுக்குப் போகும் பிள்ளைகள் நின்றார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ரிஸ்வான், இப்பிடி நிண்டு நிண்டு போனால் எப்ப தோப்பூருக்குப் போறது? நேரே வீட்டுக்கே போவம்."

"வீட்டுக்குப் போயிருந்தா மகள் கோல் எடுத்திருப்பா அக்கா. அவர் வழியிலதான் எங்கயோ இருக்கார். எது எண்டு தெரியாது. ஒண்டையும் விட ஏலாது."

எந்தத் தரிப்பிடத்தையும் அவர் ஓடும் காரிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகவில்லை. ஆளே இல்லை என்று தூரத்திலேயே தெரிந்த இடத்திலும் இறங்கி, உள்ளே போய், சுவருக்குப் பின்னாலும் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

உப்பாற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால், வீதியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பழைய தரிப்பிடம் இருந்தது. வீதியிலிருந்து பார்த்தால் வெறும் சுவர்தான் தெரிந்தது. ரிஸ்வான் அதன் பின்னால் போனார். பிறகு அவருடைய குரல் கேட்டது. "அக்கா!"

நிலத்தில் ஒருவர் சுவரில் சாய்ந்து இருந்தார். சால்வையால் தலையை இறுக்கிக் கட்டியிருந்தார். பக்கத்தில் சத்தி எடுத்திருந்தது. ரிஸ்வான் முழங்காலிட்டு அவருடைய கையைப் பிடித்து, அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"ஹனீபாக் காக்காவா? நான் கண் காட்டின இடத்திலிருந்து வாறன். தலை இடிக்குதா?"

"வெடிக்கிற மாதிரிக் கிடக்கு தம்பி. பஸ்ஸில சத்தி வந்திட்டு. மத்த ஆக்களுக்கு அருவருப்பா இருக்கும் எண்டு இறங்கிட்டன். கொஞ்சம் சுகமானா அடுத்த பஸ்ஸில போகலாம்."

"கண் எப்பிடி இருக்கு?"

அவர் முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினார். சூரியன் அங்கே கீழிறங்கிக்கொண்டிருந்தது. "கண் நோவுதுதான். ஆனா பாருங்க தம்பி, சூரியனச் சுத்தி வளையம் வளையமா வானவில் நிக்குது. இப்பிடி ஒண்ட நான் ஒருநாளும் கண்டதில்ல. வடிவா இருக்கு."

நானும் ரிஸ்வானும் அந்தப் பக்கம் பார்த்தோம். எங்களுக்கு வெறும் சூரியன்தான் தெரிந்தது. இருவருமாக அவரைத் தூக்கிக் காரில் ஏற்றினோம்.

வைத்தியர் சொன்னபடி ஆஸ்பத்திரியில் நின்றார். உடனே மருந்து கொடுத்து அழுத்தத்தை இறக்கினார்கள். மறுநாள் காலையில் லேசர் சிகிச்சை செய்தார்கள். ஒரு கண்ணில் கொஞ்சம் மங்கல் மிஞ்சியது, மற்றதற்கு ஒன்றும் ஆகவில்லை.

ரிஸ்வான் நிரலைப் பிறகு எப்படித் திருத்தினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனுமரேட்டரைத் திரும்பக் கொண்டுவந்தார். நடக்கும்போது வரிசையில் யாரும் கைவைக்காதபடி செய்தார். வராதவர்களை வேறொரு தொகுப்பில் ஒதுக்கி வைத்து, முதல் நடை முடிந்த பிறகு அவர்களுக்கென்று தனியாக ஒருமுறை நடக்க வைத்தார். வரிசையின் கடைசிக்கு வந்துவிட்டதாலேயே வேலை முடிந்தது என்று நிரல் சொல்லாது. பார்க்கப்படாதவர் ஒருவராவது இருக்கிறாரா என்று கேட்டு, இல்லை என்ற பிறகே சொல்லும். இதையெல்லாம் நீங்கள் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஒரு பிழைச் செய்தி வழியை மறித்தால், அதைப் போகச் செய்ய முன்னர், அது யாருக்காக மறிக்கிறது என்று ஒரு கணம் நின்று பாருங்கள். வெளியே சனம் காத்திருக்கும், பொறுப்பாளர் மேசையருகே நிற்பார். அப்போதும் பாருங்கள்.

லேசர் சிகிச்சை முடிந்த பிறகு நாங்கள் ஹனீபாக் காக்காவைப் பார்க்க வார்டுக்குப் போனோம். கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். ஒரு கண்ணில் மூடி போட்டிருந்தது. மகள் பக்கத்தில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். ரிஸ்வான் கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே, நிரலில் என்ன நடந்தது, அதை மாற்றியது யார் என்று முழுவதும் சொன்னார். மகள் பழத்தைக் கீழே வைத்துவிட்டு ரிஸ்வானைப் பார்த்தார். மகள் எதையோ கேட்க வாயெடுத்தார். காக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"அப்ப நீங்க என்னைக் கூப்பிடவே இல்லையா?"

"இல்ல காக்கா. கூப்பிடவே இல்ல."

"நான் என்ன நினைச்சன் தெரியுமா? நீங்க கூப்பிட்டிருப்பீங்க, எனக்குத்தான் கேக்கல்ல எண்டு நினைச்சன். எல்லாருக்கும் முன்னால எழும்பிப் போய்க் கேக்க வெக்கமாக் கிடந்திச்சி. கண்ணோட சேத்துக் காதும் போகுது எண்டுதான் எழும்பி வந்திட்டன். பஸ்ஸில அந்த யோசினைதான்."

காக்கா தலையணையில் சாய்ந்து, மூடியில்லாத கண்ணால் மகளைப் பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது.

"கேட்டியா மகள்? என்ட காது நல்லாத்தான் இருக்காம்."